கைக்கு எட்டும் வண்டி

பாச்சலூரில் பிறந்து கூக்காலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ராஜகுமாரிக்கு முப்பது வயதுவரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வரவில்லை. கூக்காலில் வீட்டு வாசலைத் தாண்டினால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏரிக்கு மேலே படிப்படியாக ஏறிப்போகும் அவர்கள் தோட்டத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைந்தன. விளைந்ததைக் கீழே இறக்க ஒரு குதிரை இருந்தது. குதிரையைப் பிடித்துக்கொண்டு போகக் கணவன் கந்தவேல் இருந்தான்.

குதிரைக்கு வயதாகி அதை விற்ற வருஷம்தான் நாலு சக்கர பைக் வந்து சேர்ந்தது. மன்னவனூர்ப் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஏ.டி.வி. என்கிற இந்த மாதிரி வண்டிகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை மூடிவிட்டுக் கிளம்பும்போது, ஒன்றைக் கந்தவேலிடம் விற்றுவிட்டுப் போனார். தடித்த டயர்கள். மூட்டை கட்ட முன்னும் பின்னும் கம்பித் தட்டு. கியர் கிடையாது. வலது கைப்பிடிக்குக் கீழே சின்னதாக ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி ஓடும்.

கந்தவேல் வருஷக்கணக்காக மோட்டார் பைக் ஓட்டியவன். அந்தப் பழக்கத்தில் கைப்பிடியை முறுக்கப் போய்க் கட்டைவிரலை முழுசாக அமுக்கிவிட்டான். வண்டி ஒரே பாய்ச்சலில் முட்டைக்கோஸ் பாத்திக்குள் போய் நின்றது. வரப்பில் நின்ற ராஜகுமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கேட்டாள்.

"நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமாங்க?"

"நீயா?"

"நீங்க ஓட்டுனதவிட மோசமா ஓட்டிர முடியாதுல்ல."

கந்தவேல் வண்டியை அணைத்தான். இறங்கிக் கொடுத்தான். அவள் ஏறி உட்கார்ந்து, கட்டைவிரலைப் பூவைத் தொடுவதுபோல வைத்தாள். வண்டி நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். மூட்டையோடு மூச்சு வாங்க ஏறிய அதே ஏற்றம் இப்போது அவளுக்குக் கீழே தானாகச் சரிந்து போய்க்கொண்டிருந்தது. உச்சித் தோட்டத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் அல்ல. இத்தனை நாள் இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்ற ஆத்திரமும் சந்தோஷமும் கலந்த படபடப்பு. அன்றிலிருந்து அந்த வண்டி அவளுடையது. பூண்டு மூட்டை இறக்குவதும், எரு ஏற்றுவதும், மாட்டுக்குப் புல் கொண்டுவருவதும் அவள் சோலியாயின. கந்தவேல் தன் மோட்டார் பைக்கோடு திருப்தியடைந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பமே கிளம்பும். அவர்கள் தோட்டத்தையும் பங்காளிகள் தோட்டங்களையும் ஒட்டி, வனத்துறை வேலிக்குள் போகாமலே மலைமுகடு வரைக்கும் மண்பாதை ஒன்று இருந்தது. முன்னால் ராஜகுமாரி, அவள் முதுகைக் கட்டிக்கொண்டு மகள் சண்முகப்பிரியா, பின்னால் மோட்டார் பைக்கில் கந்தவேல். முகட்டில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு இறங்குவார்கள். பிரியா ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வந்தது வரைக்கும் அந்தப் பழக்கம் ஓடியது.

பிள்ளை வளர வளர எடையும் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்குப் பிறகு, கடைசிச் செங்குத்து ஏற்றத்தில் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. "பிரியா, குதி" என்று ராஜகுமாரி கத்தினாள். பிள்ளை பக்கத்துப் புல்லில் குதித்தது. முன்சக்கரங்கள் தொப்பென்று கீழே விழுந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ராஜகுமாரி அங்கேயே இறங்கி, பிரியாவைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்துவிட்டு, தீர்மானமாகச் சொன்னாள்.

"இது ஒருத்தர் ஓட்டுறதுக்கு உண்டான வண்டி. இனி பின்னாடி யாரும் ஏறக் கூடாது."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் பிரியா தகப்பனின் பைக்கில் ஏறிக்கொள்ள மறுத்துவிட்டாள். கல்லில் தூக்கித் தூக்கிப் போடுகிறதாம். வீட்டில் வாசற்படியில் உட்கார்ந்து, இருவரும் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போய்விட்டுத் திரும்பும்போதும் அதே இடத்தில் இருப்பாள். மூன்று பேர் இல்லாத அந்தப் பயணம் ராஜகுமாரிக்கும் ருசிக்கவில்லை. அந்த வருஷம் பூண்டுக்கு நல்ல விலை கிடைத்தது. ஒரு நாள் சாப்பிடும்போது கந்தவேல்தான் பேச்சை எடுத்தான்.

"பிள்ளைகளுக்குன்னே சின்ன ஏ.டி.வி. வருதாமே. பிரியாவுக்கு ஒண்ணு எடுத்துருவமா?"

பிரியாவின் கையில் இருந்த சோறு வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றது.

அடுத்த வாரம் வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு போகும் நாளில், அப்படியே மதுரைக்கும் போய் வருவது என்று முடிவாயிற்று. பக்கத்து வீட்டு வேலுச்சாமியின் பிக்கப் வண்டி. வெள்ளனே எழுந்து கிளம்பியபோது பொழுது இன்னும் வெளுக்கவில்லை. பிரியா முந்தின நாளே பள்ளிக்கூட ஷூவைத் துடைத்து வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "வண்டியில உக்காரும்போது செருப்பு போடக் கூடாதும்மா" என்றாள். எங்கே படித்தாளோ, யாரிடம் கேட்டாளோ. வத்தலக்குண்டில் இறங்கும்வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. எந்த நிறம், எவ்வளவு வேகம், லைட் இருக்குமா, பின்னால் போகுமா.

வேலுச்சாமி சிரித்துக்கொண்டே, "ஏ புள்ள, வண்டி வாங்கப் போறது ஒங்கம்மாவும் அப்பாவும். நீ ஏதோ பொண்ணு பாக்கப் போற மாதிரி கேள்வி கேக்குற" என்றான்.

உண்மையில் எவ்வளவு பெரிய வண்டி என்ற கேள்வி பெற்றவர்கள் இருவர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது. கந்தவேலுக்கு ஒரே எண்ணம்: வளர்கிற பிள்ளை, பெரிதாக எடுத்துவிட்டால் பல வருஷத்துக்குக் கவலையில்லை. பாவாடை தைக்கும்போது மடித்துத் தைப்பதில்லையா, அதுபோல. ராஜகுமாரிக்கு நேர்மாறான எண்ணம்: இருப்பதிலேயே சின்னதாக, இருப்பதிலேயே மெதுவாக. முன்சக்கரம் எழும்பிய அந்த நொடியை அவள் இன்னும் மறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் இதைச் சொல்லிக்கொள்ளவில்லை. கடைக்குள் போனதும்தான் வெளியே வந்தது.

சந்தையில் பூண்டை இறக்கிவிட்டு மதுரை போனார்கள்; கடை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்த ஜெயமுருகன் என்ற இளைஞர், "யாருக்குங்க வண்டி?" என்று கேட்டார். பிரியா கையைத் தூக்கினாள். அவர் பெற்றவர்களை விட்டுவிட்டு அவளிடமே பேசத் தொடங்கியது ராஜகுமாரிக்குப் பிடித்திருந்தது.

கந்தவேல் நேராகப் பெரிய கறுப்பு வண்டி ஒன்றின் பக்கத்தில் போய் நின்றான். அவன் கண்கள் பளபளத்தன. "இதப் பாரு பிரியா. என்னா கம்பீரமா நிக்குது." 

"அது பெரிய ஆளுங்க ஓட்டுறதுங்க" என்றார் ஜெயமுருகன்.

"ரெண்டு வருசத்துல என் மக பெரிய ஆளாயிருவா, தம்பி."

"சரிங்க, உக்காந்து பாக்கட்டும். பாத்தாத் தெரிஞ்சிரும்."

பிரியா ஏறினாள். ஏறியதும் ராணி மாதிரிதான் இருந்தாள். ஜெயமுருகன் கைப்பிடியை ஒரு பக்கமாகக் கடைசி வரைக்கும் திருப்பச் சொன்னார். அவள் திருப்பினாள். பாதித் திருப்பத்திலேயே வெளிப்பக்கத்துக் கை பிடியை விட்டு நழுவியது. எட்டிப் பிடிக்க முன்னால் குனிந்தபோது அவள் உடம்பே இருக்கையை விட்டு எழும்பிவிட்டது. பிரேக்கை எட்ட விரல்கள் கொஞ்சம் குறைந்தன. மகளின் விரல்கள் காற்றைத் துழாவுவதைக் கந்தவேல் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்திலிருந்த பளபளப்பு மெல்ல அடங்கியது.

"எறங்கும்மா" என்றான். மடித்துத் தைக்கிற பாவாடை இல்லை இது என்று அவனுக்கே புரிந்துவிட்டது.

ராஜகுமாரிக்கு உள்ளுக்குள் வெற்றிக் களிப்பு. "நான் பாத்து வச்சிருக்கேன்" என்று மூலையில் நின்ற ரோஸ் நிறக் குட்டி வண்டியைக் காட்டினாள். உட்கார்ந்தால் பிரியாவின் கால்கள் தரையில் நன்றாக ஊன்றின. மெதுவாகத்தான் ஓடும் என்று சொன்னார்கள். ராஜகுமாரிக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"பின்னாடி காலி எடம் இருக்குங்க. ஓட்டிப் பாக்கலாம்" என்று ஜெயமுருகன் அழைத்துப் போனார். கடைக்குப் பின்னால் மண்ணும் செங்கல் துண்டுகளும் கிடந்த ஒரு முற்றம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு பிரியா கிளம்பினாள். முழங்கால்கள் கைப்பிடியில் இடித்தன. முதல் சுற்றில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு செங்கல் மேல் ஏறியதும் 'கடக்' என்று அடிவயிறு தட்டி வண்டி அப்படியே உட்கார்ந்துகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பின்சக்கரங்கள் சும்மா சுற்றின.

எல்லாரும் ராஜகுமாரியைப் பார்த்தார்கள். அவள் செங்கல்லைப் பார்த்தாள். கூக்கால் பாதையில் இதைப்போல இரண்டு மடங்கு கல்லெல்லாம் சாதாரணம். சமதளப் பூங்காவில் ஓட்டுகிற வண்டியை மலைக்கு எடுத்துப் போனால், ஏற்றத்தில் நடுவழியில் உட்கார்ந்துகொள்ளும். மெதுவாக ஓடுவது மட்டும் பத்திரம் ஆகிவிடாது.

"அங்க கல்லு கெடக்குற கெடைக்கு இது ஆகாதுங்க" என்று அவளே சொன்னாள். கந்தவேல் மீசைக்குள் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் ஜெயமுருகன் இன்னொரு வண்டியை உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். கடையில் முன்வரிசையில் வைக்கிற வண்டி அல்ல அது. மண் பழுப்பு நிறம். பக்கவாட்டில் ஒரு கீறல். பார்வைக்கு எடுப்பாக எதுவும் இல்லை. பிரியாவின் முகம் கொஞ்சம் சுண்டியது. ஆனால் ஏறி உட்கார்ந்து, மிதியில் கால் ஊன்றி எழுந்து நின்றதும், இருக்கைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. குண்டு குழியில் எழுந்து நின்று ஓட்டும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும் என்பது ராஜகுமாரிக்குத் தன் அனுபவத்தில் தெரியும். கைப்பிடியை இருபுறமும் முழுசாகத் திருப்பினாள். கை நழுவவில்லை. விரல்கள் பிரேக்கைச் சுற்றி மடங்கின. வண்டியின் அடிப்பாகமும் தரையிலிருந்து நல்ல உயரம்.

"வேகம்?" என்று ராஜகுமாரி கேட்டாள்.

ஜெயமுருகன் கட்டைவிரல் நெம்புகோலுக்குப் பக்கத்திலிருந்த ஒரு திருகாணியைக் காட்டினார். "இத உள்ள முடுக்கினா பாப்பா எவ்வளவு அழுத்தினாலும் நடக்குற வேகம்தாங்க. பழகப் பழக நீங்களே கொஞ்சம் கொஞ்சமா தளத்திவிடலாம்."

பிரியா முற்றத்தில் இறங்கினாள். ஒரு சுற்று. செங்கல் மேல் ஏறியது, இறங்கியது. இரண்டாவது சுற்றில் எழுந்து நின்றாள். மூன்றாவதில் யாரும் சொல்லாமலே வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்த்தாள். தாயின் முதுகைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த உடம்பு அது. சாய்வு அந்த உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, நிறம் பரவால்லம்மா" என்றாள்.

அவள் தலைக்குச் சரியாக ஒரு தலைக்கவசம், கையுறை, முழங்காலுக்குக் காப்பு என்று எல்லாம் வாங்கினார்கள். தலைக்கவசத்தை ஒரு அளவு பெரிதாக எடுக்கலாமே என்று கந்தவேல் வாயைத் திறந்தான். மனைவியின் பார்வையைக் கண்டதும் மூடிக்கொண்டான்.

பிக்கப்பின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி மலை ஏறினார்கள். வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பிரியா கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாக வண்டியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொழுது சாயக் கூக்காலில் இறங்கியபோது தெருவே கூடிவிட்டது. "ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பேரே அதற்கு ஒட்டிக்கொண்டது.

உருளைக்கிழங்கு தோண்டிய காலித் தோட்டத்தில் பயிற்சி தொடங்கியது. திருகாணி முழுசாக உள்ளே முடுக்கியிருந்தது. வண்டியில் ஒரு சுருள் கயிறு உண்டு; ஒரு முனை வண்டியில், மறுமுனை பிரியாவின் மணிக்கட்டில். அவள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு என்ஜின் நின்றுவிடும். இரண்டாம் நாளே அது கைகொடுத்தது. வரப்பில் ஒரு சக்கரம் சரிந்து பிரியா ஈரமண்ணில் உருண்டாள். வண்டி உடனே அமைதியாகி நின்றது. ஓடிவந்த ராஜகுமாரியிடம் மண் அப்பிய முகத்தோடு, "நானாத் தூக்குறேன், நீங்க தொடாதீங்க" என்றாள் பிள்ளை. ராஜகுமாரிக்குக் கைகள் பரபரத்தன. ஆனாலும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். திருகாணி அந்த வாரம் கால் சுற்றுத் தளர்ந்தது. அப்புறம் இன்னும் கால் சுற்று.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் முகட்டுக்குக் கிளம்பினார்கள். மூன்று வண்டிகள். ராஜகுமாரி முன்னால், நடுவில் பிரியா, கடைசியில் கந்தவேல். வெயில் சுள்ளென்று அடித்தது, காற்று மட்டும் ஐஸ் மாதிரி. ஏரி கீழே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே வந்தது. பங்காளி வீட்டுப் பேரிக்காய் மரங்களைத் தாண்டியதும் பாதை சீகை மரங்களுக்கு நடுவில் நுழைந்தது. பின்னாலிருந்து வந்த சின்ன என்ஜினின் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது ராஜகுமாரிக்கு ஏதோ பாட்டுக் கேட்கிற மாதிரி இருந்தது.

ஒரு சிற்றோடையைத் தாண்டி வளைவில் திரும்பியதும் அந்த ரீங்காரம் நின்றுவிட்டது.

வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் மகளுக்கும் நடுவில், பாதையின் குறுக்கே, ஒரு காட்டுமாடு நின்றது. வெள்ளைக் காலுறை போட்டாற்போல நாலு கால்கள், அதற்கு மேலே கரும்பாறை போல உடம்பு. அதன் முதுகுக்கு மேலாகப் பிரியாவின் தலைக்கவசம் மட்டும்தான் தெரிந்தது.

ராஜகுமாரி பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தப் போனாள். அடக்கிக்கொண்டாள். கத்தினால் மாடு மிரளும். மிரண்டால் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாது. என்ஜினை அணைத்துவிட்டு அசையாமல் நின்றாள். காட்டுமாடு நகர்ந்து ஓர் அடி எடுத்து வைத்தபோது பிரியா முழுதாகத் தெரிந்தாள். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மாட்டின் கண்ணைப் பார்க்காமல் தலையைக் கொஞ்சம் தாழ்த்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் கந்தவேலும் பைக்கை அணைத்துவிட்டுச் சிலைபோல நின்றான்.

காட்டுமாடு ஒருதரம் மூச்சை உஸ்ஸென்று விட்டது. பிறகு அவசரமே இல்லாமல் சரிவில் இறங்கியது. அதன் பின்னால் இன்னும் சில மாடுகள், கடைசியாக ஒரு செம்பழுப்புக் கன்று. கன்று நடுப்பாதையில் நின்று சின்ன வண்டியைப் பார்த்தது. ஓர் அடி கிட்டே வந்தது. கீழேயிருந்து தாய்மாடு குரல் கொடுத்ததும் அது துள்ளிக்கொண்டு ஓடிவிட்டது.

புதர்களின் அசைவு அடங்கும்வரைக்கும் யாரும் நகரவில்லை. ராஜகுமாரி தலையசைத்த பிறகுதான் பிரியா வண்டியை முடுக்கி வந்து பக்கத்தில் நிறுத்தினாள்.

"அம்மா, அந்தக் கன்னுக்குட்டி என்னயவே பாத்துச்சும்மா. அதுக்குக் கண்ணுமுடி எவ்வளவு நீளம் தெரியுமா?"

ராஜகுமாரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இல்லையா தாயி?"

"இருந்துச்சு. ஆனா எனக்கு நிறுத்தத் தெரியும்ல."

கந்தவேல் வந்து சேர்ந்தான். முகம் வெளிறியிருந்தது. "சாமி" என்று மட்டும் சொன்னான். அப்புறம் மூன்று பேரும் ஏனென்று தெரியாமல் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரித்துச் சிரித்து ராஜகுமாரிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

முகட்டில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது கன்றைப் பற்றிய பேச்சுத்தான். பிரியா அதை மூன்று தடவை சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கன்று இன்னும் ஓர் அடி கிட்டே வந்தது. கந்தவேல் அதைத் திருத்தப் போனான். ராஜகுமாரி அவன் தொடையைக் கிள்ளி நிறுத்தினாள்.

இறங்கக் கிளம்பும்போது பிரியா கேட்டாள். "எறங்குறப்ப நான் முன்னாடி போகட்டா?"

ராஜகுமாரி கணவனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். அதாவது, உன் இஷ்டம்.

"வெரசாப் போகக் கூடாது. வளைவுல ஆரன் அடிக்கணும். திரும்பித் திரும்பிப் பாக்கக் கூடாது, நாங்க பின்னாடிதான் வருவோம்."

"சரிம்மா."

அந்தப் பழுப்பு வண்டி முன்னால் இறங்கியது. இத்தனை வருஷத்தில் இந்தப் பாதையில் தனக்கு முன்னால் ஒருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ராஜகுமாரி போனதே இல்லை. இறக்கத்தில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கல்லைத் தவிர்த்து அந்தச் சின்ன முதுகு போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஆரன் அடித்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ராஜகுமாரிக்கு உள்ளே ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. குலவை போடலாம் போலிருந்தது. தலைக்கவசத்துக்குள் மெதுவாகப் போட்டும் பார்த்தாள்.

பேரிக்காய் மரங்களுக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரியும். இடதுபக்கம் போனால் நேராக வீடு. வலதுபக்கம் போனால் பங்காளியின் கேரட் தோட்டத்தைச் சுற்றி, ஏரிக்கரை வழியாக ஒரு பெரிய வளைவு. வீட்டில் பால் கறக்க மாடு காத்திருந்தது. துணி காய்ந்துகொண்டிருந்தது. மேற்கே மேகம் வேறு கூடிக்கொண்டு வந்தது.

பிரியா பிரிவில் வண்டியை நிறுத்தினாள். பின்னால் இருவரும் வந்து சேரும்வரை காத்திருந்தாள். பிறகு கையை வலதுபக்கம் நீட்டிக் காட்டினாள்.

"மாடு கத்தும்" என்றான் கந்தவேல் பின்னாலிருந்து.

"கத்தட்டும்" என்று சொல்லிவிட்டு ராஜகுமாரி மகளுக்குப் பின்னால் வண்டியை வலதுபக்கம் திருப்பினாள்.